பைக் விபத்து என்று சொல்லிவைத்தது

எங்கள் வீட்டு ஆண்கள் என்றால் பட்டாளம், இல்லாவிட்டால் போலீஸ். சிறு வயதிலிருந்தே எனக்குக் கெண்டைக்கால் திரண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்த்து, "போலீஸ் காலுல்லா இது!" என்பார்கள். எனக்கும் தலைகால் புரியாது. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகியபோது அந்தக் கால்தான் என்னைக் குப்புறத் தள்ளியது. மதுரை டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, சதை செத்த இடத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். தாய் வழியாக வரும் தசைச் சிதைவு நோய். இதைப் போயா அத்தனை பேரும் கொண்டாடினோம்!

இப்போது முப்பதைத் தாண்டிவிட்டேன். நாற்காலியிலிருந்து எழ அம்மா கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். கை தலைக்கு மேல் போகாது, தங்கச்சிதான் தலை வாரிவிடுகிறாள். அவளுக்கும் இந்த நோய் இருக்கலாம், கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அம்மா காதிலேயே வாங்கவில்லை. பரம்பரைச் சீக்கு என்று தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? இராஜபாளையம் முழுக்க, எனக்குப் பைக் விபத்து என்று சொல்லிவைத்திருந்தாள். நான் பைக் ஓட்டியதே கிடையாது.

போன ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள், பூவும் பால்கோவாவுமாக. மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். நல்ல மனிதர், அதுதான் வினை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கன வச்சுத் தம்பி அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "சுந்தரபாண்டியத்துக்கு ரோடு பிரியுத வெலக்குல, அண்ணாச்சி. பாவிப்பய லாரிக்காரன் நிக்காமப் போயிட்டான்."

காபித் தட்டோடு வந்த தங்கச்சி அப்படியே நின்றாள். "லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. இது எங்க அம்மா வழியில வார சீக்கு. எனக்கும் இருக்கலாம். எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் வரலாம்."

யாரும் சண்டை போடவில்லை. அவர் கும்பிட்டுவிட்டு எழுந்தார், மற்றவர்களும் எழுந்தார்கள். தங்கச்சி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா என்மேல் பாய்ந்தாள். "ஏலே, காலுதான வெளங்கல, வாயுமா வெளங்கல? அவளத் தடுக்கக் கூடாதா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அவ சொன்னதுல என்னம்மா தப்பு? டெஸ்ட் எடுத்துப் பாப்போம். இல்லன்னு வந்துட்டா தைரியமா நாலு இடம் பாக்கலாம்ல?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தபடி, தங்கச்சிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"டெஸ்ட்டு என்னத்துக்குலே? கொஞ்ச நாளா அவளும் ஒன்னைய மாதிரியே தொடையில கைய ஊணி ஊணித்தான் மாடிப்படி ஏறுதா. முழுசாத் தெரியுததுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரணும்னுதான் நான் பறந்தேன்."