வடக்கு வரிசை, ஏழாம் படுக்கை

பிரகதீஸ்வரிக்கு அந்த ஆஸ்பத்திரியில் பேர் கிடையாது. சொர்ணவல்லி சிஸ்டருக்கு அவள் வெறும் "புதுசு". இவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்; சொர்ணவல்லியோ வார்டு ஆயாவைப் பார்த்து, "இந்தப் புதுசு எங்க போச்சு?" என்று கேட்பாள். நோயாளிக்கு ஊசி போட வந்தால், பயப்படாதீங்கய்யா, நான்தான் போடுறேன், இது புதுசு, சும்மா நிக்கும் என்பாள். உயிருள்ள மனுஷியை நாற்காலி கணக்காக நிறுத்திவைத்துப் பேசுவதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

புதுக்கோட்டை டவுனில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி அது. பேர் எதற்கு, விடுங்கள். அங்கே புதிதாகச் சேருகிற நர்ஸை முதல் சில மாதம் ஒரு மூத்த நர்ஸின் கீழே விடுவார்கள். மூத்தவள் கூட்டிக்கொண்டு திரிந்து வேலையைப் பழக்க வேண்டும். பழக்கி முடித்ததும் மேட்ரனிடம் போய், இவளைத் தனி டூட்டி போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிற்கும். சொல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பிரகதீஸ்வரி ஏற்கெனவே ஒரு தடவை பெட்டியைக் கட்டினவள். படிப்பை முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கை மெதுவு, வேகம் பத்தாது என்று பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அதை வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கமாக இருக்கலாம் என்று புதுக்கோட்டைக்கு மாறிக்கொண்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள். ஆலங்குடிக்கு அங்கிட்டு முந்திரித் தோப்பு வைத்திருக்கிற அப்பாவுக்கு அது பொய் என்று தோன்ற எந்த முகாந்திரமும் இல்லை. எம் மக டவுன் ஆஸ்பத்திரியில பெரிய நர்ஸு என்று கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேயும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அவளுக்கு இருந்தது. ஆனால் உள்ளே கிடந்து அரித்த பயம் வேறு. ரெண்டு இடத்தில் ரெண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டால், நமக்கு இந்த வேலை வராது என்று அவளே நம்பிவிடுவாள். நம்பிவிட்டால் அப்புறம் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்து என்ன பிரயோஜனம்?

பேச்சுத்துணைக்கு அங்கே ஆளில்லை. ஹாஸ்டல் அறையில் கூட இருந்த ரெண்டு பெண்களும் நைட் டூட்டி. இவள் டூட்டி முடித்துப் போகும்போது அவர்கள் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்; இவள் படுக்கும்போது கிளம்பிப் போவார்கள். ஒரே அறையில் இருந்துகொண்டு அவர்கள் முகம் விழித்திருக்கும்போது எப்படி இருக்கும் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிஸ்டர்மார் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வார்கள். முதல் நாள் இவள் தன் டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனபோது, சொர்ணவல்லி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வார்டுல யாரு இருக்கா என்று கேட்டாள். அன்றைக்குத் திரும்பினவள்தான். அப்புறம் துவைத்த போர்வைகள் அடுக்கியிருக்கிற அறையில், நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் அம்மா போனில் கேட்டால், நல்லா இருக்கேம்மா, எல்லாரும் நல்லா பழகுறாக என்பாள்.

சொர்ணவல்லி மட்டும் பிறக்கும்போதே இப்படியா பிறந்தாள்? அவளும் ஒரு காலத்தில் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள்தான். சொல்லிக்கொடுத்தவை எல்லாம் நரம்பில் ஊசி ஏற்றப் பழகின மறுமாதமே சென்னைக்கும் குவைத்துக்கும் பறந்தன. இப்போது வருகிறதுகள் வரும்போதே ஜெர்மன் பாஷை படித்துக்கொண்டு வருகின்றன. போனவளில் ஒருத்தியாவது ஒரு பொங்கலுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கீங்களா சிஸ்டர் என்று கேட்டதில்லை. ஓடிப்போகிற கழுதைக்கு எதற்குப் புல்லு என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நியாயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கேயும் ஓடிப்போக நினைக்காத ஒருத்தியின் தலையில் இறக்கியதில் என்ன நியாயம்?

இனி அந்த ஆண்கள் வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிடம் கட்டின என்ஜினீயர் எந்தச் சீமைக்காரனோ, ஒரு வரிசைக் கட்டில் முழுக்கத் தலைமாடு வடக்குச் சுவரில் இடிக்கிற மாதிரி அமைத்துவிட்டான். நம் பக்கத்தில் வடக்கே தலைவைத்து எவன் படுப்பான்? செத்தாலும் படுக்க மாட்டான். அதனால் அந்த வரிசைக்கு வருகிற ஆட்கள் கால்மாட்டில் தலையணையைப் போட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அதுவும் சரிப்படாதவர்கள் எதிர்வரிசை ஆளிடம் பேசி, டாக்டருக்கும் தெரியாமல் நர்ஸுக்கும் தெரியாமல் கட்டிலை மாற்றிக்கொள்வார்கள். பேர் எழுதின கார்டு மட்டும் பழைய கட்டிலிலேயே தொங்கும். நாள்பட்ட சிஸ்டர்களுக்கெல்லாம் இது தெரியும். வடக்கு வரிசை என்றால் முகத்தைப் பார்த்து, பேரைக் கேட்டு, அப்புறம்தான் ஊசியைத் தொடுவார்கள்.

பிரகதீஸ்வரிக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆள் திரும்பிப் படுத்திருப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். கட்டில் மாறுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொர்ணவல்லி அவளுக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "பேரெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னா பொழுது போயிரும். பெட் நம்பரைப் பாரு, போடு, வா."

அன்றைக்குக் காலையில் ஏழாம் படுக்கைக்கு இன்சுலின். அது ஆத்மநாதன் என்கிற சர்க்கரை நோயாளியின் கட்டில். விடியற்காலையில் சொர்ணவல்லியே அவர் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகு ஆத்மநாதன், இந்த வடக்குப் படுக்கையில் கண்ணை மூட முடியவில்லை என்று எதிரே இருந்த பிச்சையிடம் சொல்லியிருக்கிறார். பிச்சை திருவரங்குளத்துக்காரர், வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக வந்தவர். ஏழாம் படுக்கைக்குப் பக்கத்தில்தான் கக்கூஸ். அவருக்கு அது வசதி. ரெண்டு பேரும் சுமுகமாக மாறிக்கொண்டார்கள்.

சொர்ணவல்லி மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் கொடுத்து, ஏழுக்குப் போட்டுட்டு வா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். அவள் கையில் ஊசியை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிரகதீஸ்வரிக்குப் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஏழாம் படுக்கையில் கால்மாட்டில் தலைவைத்து, முகம்வரை போர்த்திக்கொண்டு ஒருவர் கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி செவந்தி உட்கார்ந்திருந்தாள். நம்பரைப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தும், கல்லூரியில் படித்தபடி பிரகதீஸ்வரி பேரைக் கேட்டாள். செவந்தி வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டு, கட்டிலில் தொங்கிய கார்டைக் கையால் காட்டினாள். புருஷன் பேரை எப்படிச் சொல்வாள்? பிரகதீஸ்வரியின் அம்மாவும் ரேஷன் கடையில் இப்படித்தான் கார்டை நீட்டுவாள். வேற்றூர்க்காரி யாராவது இருந்திருந்தால், என்ன இது, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று அடம் பிடித்திருப்பாள். இவள் ஊர்ப்பெண், அந்த வெட்கம் புரிந்தது. கார்டைப் படித்தாள். ஆத்மநாதன். சரிதான் என்று ஊசியைப் போட்டுவிட்டாள். காய்ச்சல் மயக்கத்தில் இருந்த பிச்சை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். செவந்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து எதிர்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஏம்மா, இட்லி வந்து ஆறுது. எனக்கு இன்னும் ஊசி போடலையே, சாப்பிடலாமா?"

பிரகதீஸ்வரி பேரைக் கேட்டாள்; ஆத்மநாதன் என்றார். ஏழாம் படுக்கைக்கு ஓடினாள். பிச்சைக்குச் சட்டை நனைந்து ஒட்டுகிற அளவுக்கு வேர்த்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரை நோயே இல்லாத மனுஷன், ராத்திரி முழுக்க வயிறு காலியாகப் போன மனுஷன். மெஷினில் பார்த்தாள், அளவு அடிமட்டத்தில் கிடந்தது. குளுக்கோஸைக் கரைத்துத் தலையைத் தூக்கிப் பிடித்துச் சிறுகச் சிறுகக் குடிக்கவைத்தாள். அப்போது அவள் கை மெதுவாக இல்லை. ஆயாவை அனுப்பிச் சொர்ணவல்லியை வரவழைத்தாள். கொஞ்சத்தில் பிச்சை கண்ணைத் திறந்து, தண்ணி வேணும் என்றார்.

சொர்ணவல்லி ஆளைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். நடந்தது விளங்கிவிட்டது. பிரகதீஸ்வரியைத் தோளில் கைபோட்டுப் போர்வை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இங்க பாரு பிரகதி," என்றாள். "தப்பு யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. சக்கரை ஏறிருச்சு, ஆளு முழிச்சுட்டாரு. டாக்டர் காதுல எதுக்குப் போடணும்? நாளைக்கே மேட்ரன்கிட்ட ஒனக்குத் தனி டூட்டி போடச் சொல்லிர்றேன். மத்தியானம் எங்ககூட ஒக்காந்து சாப்பிடு."

பிரகதி. அந்த ஆஸ்பத்திரிக்குள் வந்த நாளிலிருந்து ஒருவர் வாயில் அவள் தன் பேரைக் கேட்டது அப்போதுதான். தோளில் கிடந்த கை சூடாக இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது. இந்தக் கை இப்படியே இருக்கட்டும், இவள் இன்னொரு தடவை பிரகதி என்று கூப்பிடட்டும் என்று மனசு கிடந்து கெஞ்சியது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. எத்தனை நாள் பசித்தவளிடம் வந்து இலையைப் போடுகிறார்கள்!

ஆனால் குடித்த சர்க்கரை சீக்கிரம் கரைந்துவிடும். உள்ளே போன மருந்து மத்தியானம் வரைக்கும் விடாது. டாக்டருக்குத் தெரியாவிட்டால் பிச்சை மறுபடி சாய்வார். அது அவளுக்குத் தெரியும். சொர்ணவல்லிக்கும் தெரியும். பிரகதீஸ்வரி தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துவிட்டு, டாக்டர் ஜெரால்டுடைய அறைக்குப் போய், ஆள் மாற்றி இன்சுலின் போட்டுவிட்டேன் சார் என்றாள்.

ஜெரால்டு திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. ஓடிவந்து டிரிப் போட்டார், அடிக்கடி சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அளவு மறுபடி இறங்கத்தான் செய்தது; டிரிப் தாங்கிக்கொண்டது. பிரகதீஸ்வரி கட்டிலை விட்டு நகரவில்லை. செவந்தியிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டாள். செவந்தி கோபப்படுவாள் என்று நினைத்தாள். அவளோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க தாயி. நான் பேரைச் சொல்லாமத்தான் இப்படியாச்சுன்னு வைவாக," என்று கெஞ்சினாள். சொர்ணவல்லியும் சரி, செவந்தியும் சரி, அவளிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்: வெளியே சொல்லாதே. அவரிடம் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லிக்கொள்வார் என்றாள் பிரகதீஸ்வரி.

சாயங்காலம் மேட்ரன் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். பேரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று தான் படித்துப் படித்துச் சொன்னதாகச் சொர்ணவல்லி கண் இமைக்காமல் சொன்னாள். பிரகதீஸ்வரி சொன்னாள்: "கேட்டேன் மேடம். கார்டைக் காட்டுனாக, நான் நம்பிட்டேன். வாயால சொல்ல வைக்காதது என் தப்பு. பெட் நம்பரைப் பார்த்துப் போடச் சொன்னது சிஸ்டர். ரெண்டும் உண்மை."

அவ்வளவுதான். இனிமேல் இவளை என் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொர்ணவல்லி கையை உதறிவிட்டாள். மற்ற சிஸ்டர்களைக் கேட்டால், கூட நிற்கிறவளையே காட்டிக்கொடுக்கிறவள் எங்களுக்கு எதற்கு என்றார்கள். பழக்கிக்கொடுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. மேட்ரன் யோசித்துப் பார்த்தாள். அனுப்பிவிடலாம் என்றால் ஏற்கெனவே ஆள் பஞ்சம். அதோடு, தான் செய்த தப்பைத் தானே வந்து சொன்ன நர்ஸை அவள் தன் சர்வீஸில் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில், அடுத்த வாரத்திலிருந்து இவளுக்குத் தனி டூட்டி என்று போட்டுவிட்டாள்.

ஆக, எதற்காக இத்தனை பாடு பட்டாளோ அது கிடைத்துவிட்டது. இவளுக்கு இந்த வேலை வரும் என்று யாரும் சொன்னதால் அது கிடைக்கவில்லை. பக்கத்தில் நிற்க ஆளில்லாமல் கிடைத்தது.

முதல் நாள் காலையில் ஆண்கள் வார்டில் அவள் ஒருத்திதான். பிச்சை டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தார். வடக்கு வரிசையில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். கூட அவர் மனைவி. பிரகதீஸ்வரி பேரைக் கேட்டாள். அந்த அம்மாள் கார்டைக் காட்டினாள். கார்டு வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றாள் இவள். அந்த அம்மாள் சிரித்தாள், முந்தானையை இழுத்து வாயை மூடினாள், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தாள். பிரகதீஸ்வரி ஊசியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். இந்த நர்ஸுக்கு ரொம்பத்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நின்றாள். கடைசியில் அந்த அம்மாள் அவளைக் கிட்டே இழுத்து, காதோடு காதாக ஒரு பேரைச் சொன்னாள். கட்டிலில் கிடந்தவரை எழுப்பி அதே பேரை அவர் வாயாலும் கேட்ட பிறகுதான் ஊசியைப் போட்டாள்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு. போட்டு முடித்துவிட்டு, பார்த்தீங்களா சிஸ்டர் என்று சொல்லப்போகிற வாயோடு சட்டென்று பின்னால் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. எட்டாம் படுக்கைக்குப் போய், "அய்யா, ஒங்க பேரு?" என்று கேட்டாள்.