பாதிக்கு மேல் நம்பாதவர்

பஞ்சை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்து, ஐசியின் முதுகில் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அரிகரன். புளியங்கொட்டையில் பாதிகூட இல்லாத கறுப்புச் சில்லு அது. அச்சடித்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டால் போலி. பழசைச் சுரண்டிப் புதுப் பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். வராவிட்டால்? இன்னும் அழுத்தித் தேய்ப்பார். கரிக்கலாம்பாக்கத்தில் அந்த வீட்டில் நகப்பூச்சு ஒரு துளி கிடையாது. அதை அழிக்கிற மருந்து மட்டும் அலமாரியில் வரிசையாக நிற்கிறது. கொடுத்துவைத்தவர் அவர் மனைவி கல்பனா.

அரிகரன் செய்வது மோட்டார் போர்டு. வயலுக்குப் போகாமல், வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போர் மோட்டார் ஓட வேண்டும். அதற்கான சர்க்யூட்டைத் தாமே வரைந்து, தாமே பொறுக்கிய உதிரிகளைக் கொண்டு கட்டுகிறார். கடையில் ரெடிமேடாகவே விற்கிறதே என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

“உள்ள இன்னா கெப்பாசிட்டர் போட்டுக்கீறான்னு உனுக்குத் தெரியுமா?”

கேட்டவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் அந்த மனிதர் வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது.

“எதையும் பாதிக்கு மேல நம்பாத” என்பது அரிகரனின் வேதவாக்கு. பத்து ஆம்பியர் தாங்கும் என்று டேட்டாஷீட்டில், அதாவது கம்பெனியின் குறிப்புத் தாளில், எழுதியிருக்கும் உதிரிக்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மாட்டார். நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அது மேசையோடு நிற்கவில்லை. கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அரை உட்காருதான் உட்காருவார்; மீதி எடையைக் கால்கள் சுமக்கும். இரண்டு பேர் போகலாம் என்று கம்பெனிக்காரன் சத்தியம் செய்து விற்ற பைக்கில் ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்பனா டவுன் பஸ்ஸில் வருவார்.

உதிரி வாங்குவதில் அவர் ஏமாந்ததே இல்லை, ஒரு தடவையைத் தவிர. நெட்டில் 0603 என்ற அளவில் ரெசிஸ்டர் ஆர்டர் போட்டார். அந்த எண்ணை இஞ்சுக் கணக்கிலும் சொல்வார்கள், மில்லிமீட்டர் கணக்கிலும் சொல்வார்கள்; பொருள் வேறு, பெயர் ஒன்று. நிலத்தைக் குழியிலும், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ‘ஏர்’ என்ற அளவிலும் மாற்றி மாற்றிக் கணக்குப் பார்க்கிற ஊரில் பிறந்தவர், இதில் போய்க் கோட்டை விட்டார். நொய் அளவுக்கு எதிர்பார்த்தது தவிட்டுத் தூளாக வந்து இறங்கியது. பாக்கெட்டைப் பிரித்தபோது ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

“யாரும் பெருக்காதீங்க!” என்று கத்தினார்.

“வுடுங்க, மழ பேஞ்சா மொளைக்கும்” என்றார் கல்பனா.

இத்தனைக்கும் நடுவில் வயல் என்று ஒன்று இருந்தது. கல்பனாவுக்கு அவர் அப்பா கொடுத்த நிலம். மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் ஓடிப்போய் சுவிட்சைப் போடுவது கல்பனாவின் வேலை. அப்படி ஓடிய ஒரு நாள் வரப்பில் கால் பிசகி, கணுக்கால் பூசணியாக வீங்கிவிட்டது. வைத்தியரிடம் ஆட்டோவில்தான் போனார். பைக்தான் ஒருவருக்கு மேல் தாங்காதே! அவர் கட்டிலில் கிடக்க, நிலம் பாளம் பாளமாக வெடிக்க ஆரம்பித்தது.

“இன்னாங்க, தொண்டக் கதிரா நிக்குது. இப்ப காஞ்சா எல்லாம் பதராப் பூடும். நீங்களாச்சும் போயி சுவிட்சப் போட்டுட்டு வரக்கூடாதா?”

“நான் அங்க நடந்துக்கினு இருந்தா போர்ட யாரு முடிக்கறது? மோட்டார ஆன் பண்ற ரிலே ஒண்ணுதான் பாக்கி. பன்னெண்டு வாரத்துல வந்துரும்.”

“நெல்லு கிட்ட சொல்லுங்க. பன்னெண்டு வாரம் நிக்குமான்னு கேளுங்க.”

சொல்லிவிட்டுக் கல்பனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கிண்டல் செய்கிற கல்பனாவைத்தான் அரிகரனுக்குத் தெரியும். அழுகிற கல்பனாவுக்கு டேட்டாஷீட் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனார்.

அங்கே டிவி ரிப்பேர் கடை சார்லஸ், பிஸ்கட் டப்பாவைக் கிளறி ஒரு ரிலேயைத் தூக்கிப் போட்டார்.

“நீ கேட்டது இல்ல. ஆனா அதே மாதிரிதாம்ப்பா.”

‘அதே மாதிரி’ என்பது அரிகரனின் அகராதியில் கெட்ட வார்த்தை.

“டேட்டாஷீட் கீதா?”

“தாங்குமா தாங்காதான்னு அதுவே சொல்லும். போட்டுப் பாரு.”

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சுக்கும் மருந்துக்கும் வேலையே வைக்கவில்லை. கட்டை விரலால் தேய்த்ததற்கே எழுத்து மொத்தமும் விரலோடு வந்துவிட்டது. கறுத்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டிலில் நீட்டியிருந்த வீங்கிய காலைப் பார்த்தார். வேட்டியில் விரலைத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்னை எடுத்து அதே ரிலேயைப் பற்றவைத்தார்.

இப்போது கட்டிலில் இருந்தபடி கல்பனா மிஸ்டு கால் கொடுக்கிறார். வயலில் மோட்டார் ஓடுகிறது. வெடிப்பெல்லாம் மூடி, கதிர் வெளியே தலைகாட்டிவிட்டது. ஊரே மெச்சுகிறது. ஒரே ஒரு சின்ன விஷயம்தான். சுவிட்ச் போடக்கூட வயல் பக்கம் போகாத அரிகரன், இப்போது மின்சார முறை தவறாமல் அங்கே போய்விடுகிறார். யாரும் போகவே வேண்டாம் என்று செய்த போர்டுக்குத் துணையாக.

“நான்தான் இங்கருந்தே போட்டுட்டேனே, நீங்க அங்க இன்னா பண்றீங்க?” என்று போன் போட்டுக் கேட்கிறார் கல்பனா.

மோட்டார் கொட்டாயில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கிறார் அரிகரன். ஒரு கை மெயின் சுவிட்சில் தயாராக இருக்கிறது. மறு கையின் புறங்கையைப் போர்டுப் பெட்டியின் மேல், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்திருக்கிறார்.