வாசலுக்கு மேல் போன வெந்நீர்க் குழாய்

அந்தப் பாய்லரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மணி அடித்த மாதிரி கணீரென்றது. எங்கும் விரிசல் இல்லை என்று அதற்கு அர்த்தம். எஞ்சின் ரூமுக்குப் பின்னால் கொடி படர்ந்து, பல வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த சாமான் அது. தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவில் குளிக்க வெந்நீர் போட்டது. புதுப் பங்களாவுக்குப் புதுப் பாய்லர் வந்ததும் இதைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். என் இடுப்புயரம் இருக்கும். அடியில் விறகு வைக்க வாய், மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம். கொடியை அறுத்தெறிந்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் யாரும் இல்லாததால் சிரிக்க முடிந்தது.

ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். நின்றதில் வருத்தமில்லை. வாத்தியார் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வாரே என்ற பயம் அதோடு போயிற்று. எஞ்சின் ரூமில் கையாளாகச் சேர்ந்து பிறகு எஞ்சினும் குழாயும் பழுது பார்க்கும் பிட்டர் ஆனேன். இரும்பு என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், மெர்சிங் போகும் சாலையில் இருந்தது. வருஷக் கடைசியில் கடல் பக்கமிருந்து மழை வந்தால் வாரக்கணக்கில் விடாது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாய் ஈரம், தலையணை ஈரம், தீப்பெட்டிகூட ஈரம். அப்படியொரு மழையில்தான் எங்கள் முதல் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அனல் காட்டுவது வழக்கம். கட்டிலுக்கு அடியில் கரிச்சட்டி வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி வைத்தார்கள். பிள்ளை இருமி இருமியே போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர், புகையால் போயிற்று என்றார். என் மனைவி, குளிரால் போயிற்று என்றாள்.

வெகுகாலம் கழித்து, எனக்கு நாற்பது நெருங்கும்போது, அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். நாள் கணக்குப் பார்த்தால் பிரசவம் நடு மழையில் வந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். அவள் சோற்றுப் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க அடுப்பு வைக்க வுடுவாங்களா?"

"டிரெசர் கூடாதுங்கிறாரு."

"அப்ப நான் வரலைங்க. பச்ச ஒடம்ப வச்சிக்கிட்டு அந்தச் சிமெண்டு ரூம்புல வெறச்சிக்கிட்டுக் கெடக்கவா? லயத்துலயே பெத்துக்கிறேன். நீங்க கரி மட்டும் நெறைய வாங்கிப் போடுங்க."

நெறைய என்று அவள் சொன்னதும் முதல் பிள்ளையின் இருமல்தான் என் காதில் கேட்டது. புகை இல்லாமல் சூடு வேண்டும். வேலை செய்யும்போதும், சாப்பிடும்போதும் அதே நினைப்பு. பங்களாவில் குழாய் மாட்டியபோது வெந்நீர்க் குழாய் போன சுவரில் முதுகு சாய்ந்து மழைக்கு ஒதுங்கியிருந்தது ஒருநாள் சட்டென்று ஞாபகம் வந்தது. சட்டை காய்ந்து போயிருந்ததே! கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம்.

டிரெசர் முன்னால் நின்றதும் வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. "பிரசவ ரூம்பச் சுத்தி வெந்நீர்க் கொழாய் ஓட்டலாங்களா, ஐயா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். குளிர் தேசத்தில் வீடுகளை அப்படித்தான் சூடாக்குகிறார்கள் என்று தாம் படித்த காலத்தில் ஒரு படத்தில் பார்த்தாராம். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையிலேயே கோடு போட்டார். "சூடான தண்ணி லேசு, அதுவா மேல ஏறும். ஆறுன தண்ணி கனம், அதுவா எறங்கி பாய்லருக்கே வந்துரும். பம்பே வேணாம்பா! ஆனா ஒண்ணு, ஏறுனா ஒரே ஏத்தம், எறங்குனா ஒரே எறக்கம். நடுவுல மேடு தட்டக் கூடாது." கதவு இருக்கும் இடத்தில் மட்டும் வாசற்படிக்குக் கீழே பள்ளம் வெட்டி, குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோகலாம் என்றார். துரையிடம் அவரே பேசிப் பழைய பாய்லரை வாங்கிக் கொடுத்தார்.

அந்த வேலையை நான் செய்தேனா, வேலை என்னை இழுத்துக்கொண்டு போனதா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் பாய்லரைச் செங்கல் மேடையில் உட்கார வைத்தேன். உத்தரத்துக்கு மேல் ஒரு தகர டின்னைத் தொட்டியாக வைத்தேன். தண்ணீர் சூட்டில் உப்பினால் அதில் போய் நிற்கும். குழாய் முனைகளில் மரை வெட்டும்போது இரும்புச் சீவல் சுருள் சுருளாக விழும். அந்த எண்ணெய் வாசனையே எனக்குக் கள் குடித்த மாதிரி இருந்தது. சணல் சுற்றி, வெள்ளை ஈயம் தடவி, ஒவ்வொரு மூட்டையும் முறுக்கி நிறுத்தினேன். டிரெசர் சொன்ன இறக்கத்துக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன்.

பிரசவம் பார்க்கும் ஆயா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே என்னைச் சீண்டுவாள். "ஏந்தம்பி, ரெண்டு சொவத்தையும் மாப்பிள மாதிரி சோடிச்சிட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவ?" நான் குழாயைப் பார்த்துச் சிரிப்பேன்.

கதவுக்கு வந்தபோதுதான் சிக்கல். வாசற்படியை நான் கொத்தப் போவதைப் பார்த்த ஆயா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "அலமாக்! என்னா பண்ற? காத்துக்கருப்பு அண்டாம பெத்தவ ரூம்புக்கு வாசல்ல தலைக்கு மேலதான் இரும்பு வைப்பாங்க. நீ காலுக்குக் கீழ பொதைக்கிற. பிள்ளத்தாச்சி பொண்ணு அதத் தாண்டிக்கிட்டுப் போவாளா?"

ஆயா சொன்னது அன்று மாலையே என் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. "ஆயா சொல்றது நெசந்தாங்க. நம்ம மொதப் புள்ளைக்கு வாசல்ல ஒரு ஆணிகூட அடிக்கல. வாசலுக்கு மேல இரும்பு போவட்டும். சொவரு பூராம் சுடணும். நான் கைய வச்சிப் பாப்பேன். சுட்டா வரேன்."

வரேன் என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது! அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுநாளே குழாயைக் கதவின் இந்தப் பக்கம் மேலே ஏற்றி, தலைக்கு மேல் குறுக்கே ஓட்டி, அந்தப் பக்கம் இறக்கினேன். தொட்டி அதைவிட உயரத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் ஏறிப் போய்விடும் என்று நினைத்தேன். பார்க்கவும் தோரணம் மாதிரி அழகாக இருந்தது.

பாய்லர் பற்றவைத்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் விறகு நன்றாகப் பிடித்துக்கொண்டது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி என் மனைவி வந்தாள். உள்ளே போய் முதல் சுவரில் கை வைத்தாள். முகம் மலர்ந்தது. இரண்டாம் சுவர், அதுவும் சூடு. வாசல் பக்கம் வந்து, கதவைத் தாண்டி அடுத்த சுவரில் வைத்தாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இது சில்லுன்னு இருக்குங்க."

இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். விறகைத் திணித்தேன். பாய்லர் உறுமியது, தொட்டியில் தண்ணீர் கொதித்துத் தளும்பியது. கொஞ்ச நேரத்தில் முதல் சுவர்கூட ஆற ஆரம்பித்தது. தண்ணீர் சுற்றவே இல்லை. என் மனைவி கோணியை மறுபடி எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "போறேங்க, கரிக்காரன்கிட்ட சொல்லிட்டு வாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆயாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். "இரு புள்ள, மழை வுடட்டும். தம்பி, இங்க வந்து பாரு." ஸ்டூலில் ஏறி நின்று, கதவுக்கு மேலே குழாயைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஏர்ற வரைக்கும் வெதுவெதுங்குது. உச்சியில ஒண்ணுமே இல்ல. காலிப் பான மாதிரி இருக்கு."

சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டினேன். கணீரென்றது! தண்ணீர் நிற்கும் குழாய் அப்படிப் பேசாது, தொப்பென்றுதான் சொல்லும். உள்ளே காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேடு தட்டக் கூடாது என்று டிரெசர் சொன்னது இதற்குத்தான். எனக்கு ஒரே சந்தோஷம். நோய் தெரிந்துவிட்டதே!

மழையில் எஞ்சின் ரூமுக்கு ஓடி, ஒதுக்கிப்போட்ட எஞ்சினிலிருந்து சின்னப் பித்தளைத் திருகுகுழாய் ஒன்றைக் கழற்றி வந்தேன். எரியும் விறகை வெளியே இழுத்துப்போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, கதவுக்கு மேல் உச்சியில் துளை போட்டு, மரை வெட்டி, அதை மாட்டினேன். மரை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. தொட்டியை நிரப்பி, மறுபடி பற்றவைத்து, ஸ்டூலில் ஏறித் திருகைத் திறந்தேன்.

புஸ்ஸென்று காற்று சீறியது. சீறி, துப்பி, கடைசியில் தண்ணீர் என் முகத்தில் பீச்சியடித்தது. "வந்துருச்சி! வந்துருச்சி!" என்று கத்தினேன். நான் கத்தி அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. டிரெசர் பஞ்சும் கையுமாக ஓடிவந்தார்.

என் மனைவி எழுந்துபோய் கதவைத் தாண்டி அந்தச் சுவரில் கை வைத்தாள். காத்திருந்தாள். திடீரென்று "ஆ!" என்று கையை உதறினாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரொம்பத்தான் சுடுது லா," என்றாள் ஆயா, தானும் தொட்டுவிட்டு.

"நாளைக்கித் துணி மூட்டையக் கொண்டாந்துருங்க," என்றாள் என் மனைவி.

மழை விடாத ஒரு நடுப்பகலில் பிள்ளை பிறந்தது. பெண். அந்த அறைக்குள் எனக்கு வேலையில்லை என்றாலும், தினமும் காலையில் காற்றைத் திறந்துவிட நான்தான் போக வேண்டும். பெண்கள் இருக்கும் இடம் என்று வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு, கண்ணை மேலே குழாயிலேயே வைத்துக்கொண்டு ஏறுவேன். குழாய் நெடுகிலும் பிள்ளையின் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்து தொங்கும். திருகின் சத்தம் நின்றதும் காதைக் கொடுத்துக் கேட்பேன். இருமல் கேட்கிறதா என்றுதான். தும்மல் கேட்கும், அழுகை கேட்கும், இருமல் மட்டும் கேட்காது.

ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றபோது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, வெறகக் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க. புள்ளைக்கு வேர்க்குது."