களாச்செடிக்கு வளைந்த மதில்

அண்ணி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல, முழங்கை வரை முள் கீறிய கைகள்தாம். ஆனி மாதம் பிறந்தால் அந்தக் கைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, “என்னா பண்றது, களாச்செடிகிட்ட போனா சும்மா அனுப்புமா?” என்று சிரிப்பார்.

மூலக்குளத்தில் என் அண்ணன் மனை வாங்கியபோது அங்கே வெறும் புதர்க்காடு. எல்லாவற்றையும் வழித்துத் தள்ளினார்கள். ஓரத்தில் நின்ற ஒரு களாச்செடியை நெருங்கியபோது மட்டும் அண்ணி குறுக்கே போய் நின்றார். புடவை, நகை என்று வாய்விட்டு எதையும் கேட்டறியாதவர். “இத மட்டும் உட்டுடுங்க. தானா மொளச்சி இத்தினி வருஷமா நிக்கிது” என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அவனவன் வீட்டுல ரோஜா வெப்பான், என் பொண்டாட்டி முள்ள வெச்சிக்கறா!” கடைசியில் மதில்தான் அந்த இடத்தில் வளைந்து போனது. கோணல் மதில் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லாதவர் இல்லை.

அந்தச் செடி தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. சித்திரையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தால் வாசலே மணக்கும், வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்கும். பூனைக்குப் பயந்த சின்னான் குருவி அந்த முள்ளுக்குள்தான் கூடு கட்டும். காய்த்ததும் தெருவில் பாதி வீட்டுக்கு அண்ணியின் களாக்காய் ஊறுகாய் போய்விடும். கைக்கு எட்டியதை மட்டும் பறிப்பார். உச்சியில் இருப்பது கறுத்துப் பழுத்துக் குருவிகளுக்கு. பறிக்கும் முன் குச்சியால் செடியை மெல்லத் தட்டிவிட்டு, உள்ளே இருக்கிற குருவி வெளியே போகும்வரை வெயிலில் காத்து நிற்பார், பாவி மனுஷி.

போன வருடம் தை மாதம் அண்ணி போய்விட்டார். செடிக்கு அதெல்லாம் தெரியுமா, சித்திரையில் எப்போதும்போல் பூத்தது. அண்ணன் போன் செய்தார். “ஆள வரச் சொல்லிட்டேம்மா. வெட்டிடப் போறேன். காலைல கதவத் தொறந்தா அதான் தெரியிது. என்னால பாக்க முடியல.” அண்ணியின் கை பட்ட அந்த ஒன்றும் போய்விடுமே என்று ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஆள் அரிவாளோடு நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒரு குச்சியை எடுத்துச் செடியை மெல்லத் தட்டினார். தட்டிவிட்டு நின்றார். உள்ளிருந்து சின்னான் ஒன்று கத்திக்கொண்டே பறந்தது. குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“இப்ப வேணாங்க. குஞ்சு பறக்கட்டும்” என்று ஆளை அனுப்பிவிட்டார். அப்புறம் எப்போது வெட்டுவார் என்று கேட்க எனக்குப் பயம். கேட்கவில்லை.

ஆனியில் ஒருநாள் ஊறுகாய் பாட்டிலும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். “நானே போட்டேன். துன்னு பாரு.” சோற்றோடு ஒரு களாக்காயைக் கடித்தேன். ஐயோ, கடல் தண்ணீர் தோற்றது! அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லலாம் என்றுதான் தோன்றியது. என் வாய்தான் சும்மா இருக்காதே.

“உப்ப அள்ளிக் கொட்டிட்டியேண்ணா! அண்ணி இருந்திருந்தா திட்டித் தீத்திருப்பாங்க.”

அண்ணன் சிரித்துவிட்டார். அண்ணி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அடுத்த வருஷம் கொறச்சிப் போடறேன்.”