இடது கண்ணில் எரியாத விளக்குகள்

தலைப்பில் ஒரு சொல்லைக் காணவில்லை. எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான்.

திருத்தணியில் எங்கள் வீட்டு முன்னறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். ஒரு செய்திக்குத் தலைப்பு அடித்துவிட்டு, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தேன். பார்வை முதல் சொல்லில் நின்றிருந்தது. வரியின் வலது முனை வெறுமையாக இருந்தது. அடிக்க மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். கையை எடுத்ததும் கடைசிச் சொல் அதன் இடத்தில் இருந்தது. மறுபடி பொத்தினேன். போய்விட்டது.

கண்ணை ஏன் பொத்தினேன் என்பதையும் சொல்லவேண்டும். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம்.

தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தேன். அப்போது எங்கள் கணினித் திரை கறுப்பு, எழுத்து வெளிர்பச்சை. மணிக்கணக்கில் பார்ப்போம். கழுத்து வலிக்கும், கண் வலித்ததாக நினைவில்லை. திருமணத்துக்குப் பிறகு திருத்தணிக்கு வந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி இணையதளம், வீட்டிலிருந்தே செய்தி திருத்தித் தரும் வேலையைக் கொடுத்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணைப்பு. செய்தியை உள்ளிடும் பக்கம் முழுக்க வெள்ளை. தாளைப் போலவே இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். தாள் ஒளி வீசாது. இது வீசியது, அதுவும் முகத்துக்கு நேராக.

சில மாதங்களில் கண் எரிந்தது, சிவந்தது. மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. திரையைக் கறுப்பாக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன்.

"கறுப்பா மேடம்?" என்று சிரித்தார் கணினிப் பிரிவில் இருந்தவர். "தெறந்த ஒடனே யாரோ பெரிய தலைவர் செத்துட்டார்னு நெனைப்பாங்க." கணினியின் மற்றப் பகுதிகளைக் கறுப்பாக்கும் வழியை அவர் சொல்லித்தந்தார். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் மாறவில்லை. அதன் வெள்ளையை இணையதளத்தாரே நிரலில் எழுதி வைத்திருந்தார்கள். மாற்றித் தரும்படி வேறு யாரும் கேட்கவில்லையாம்.

ஆகவே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு கண்ணால் வேலை செய்தேன். கொஞ்ச நேரம் இது, கொஞ்ச நேரம் அது. ஒன்றுக்காவது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன்.

இன்னொரு வழியும் இருந்தது. என் அக்கா கணவர் முனிரத்தினம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அக்கா கணவரைப் 'பாவா' என்போம்.

"என்னா சுகுணா, கண்ணு ரெண்டும் இப்படி செவந்துகினு கீது? ஒன் ஊட்டுக்காரன் லோகநாதன் அழ வச்சிட்டானா?"

"அவருக்கு அவ்ளோ தைரியம் ஏது பாவா? கம்ப்யூட்டர் வெளிச்சம்."

"ரெண்டு சொட்டு வுடு. அரை நாள்ல பளிச்சுனு ஆயிடும். பேட்டையில தறி ஓட்டறவங்க எல்லாம் இத்தத்தான் வாங்கிகினு போறாங்க."

உண்மையிலேயே பளிச்சென்று ஆனது. எரிச்சல் அடங்கியது, சிவப்பு மறைந்தது. நிறுத்தினால் திரும்பி வந்தது. அதனால் நிறுத்தவில்லை. ஓர் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன்பு தொடங்கிய சொட்டு, அடுத்த ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிகள் இறங்கிய பிறகும் தொடர்ந்தது. கைப்பையில் எப்போதும் ஒரு புட்டி இருந்தது.

சொல் மறைந்த அன்று மாலை மாடிக்குப் போனேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். வலது கண்ணைப் பொத்தி, ஒரு விளக்கை மட்டும் பார்த்தேன். அதற்கு வலப்பக்கம் சில விளக்குகள் இல்லை. அங்கே கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை, மறைப்பும் இல்லை. மலை இருந்தது, வானம் இருந்தது. விளக்குகள் மட்டும் அங்கே வைக்கப்படாததுபோல் இருந்தது.

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இருட்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும். இது தெரியாமலே வந்திருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை.

கீழே வந்து கணவரிடம் சொன்னேன். லோகநாதன் ஆர்.கே.பேட்டையில் பள்ளி ஆசிரியர். எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார். அன்று செய்யவில்லை. "காலையில மொத ரயிலுக்குப் போயிடலாம்" என்றார்.

சென்னைக் கண் மருத்துவமனையின் நடைபாதையில், கண்மணியை விரிய வைக்கும் மருந்து விடப்பட்டவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் விட்டார்கள். எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி, படிக்க முடியாமல் போனது. பிழைப்புக்காகப் படிக்கிறவள் நான். இனி இப்படித்தான் என்றால் என்ன செய்வது என்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அதற்கு முன்பே பார்வைப் புலச் சோதனை (சுற்றுவட்டத்தில் எதுவரை, எந்த இடங்களில் பார்வை இருக்கிறது என்று அளப்பது) முடிந்திருந்தது. ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். அதன் உட்பக்கமும் வெள்ளைதான். நடுவில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கவேண்டும். சுற்றிலும் சிறு வெளிச்சங்கள் அங்கங்கே மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும்.

வலது கண்ணில் அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது கண்ணில் இடைவெளிகள் வந்தன. இயந்திரத்துக்குள் ஏதோ நகரும் ஓசை கேட்டது. வெளிச்சம் இல்லை. வெளிச்சம் வரவில்லையா, வந்து எனக்குத் தெரியவில்லையா? அதை அறிய வழியே இல்லை. காத்திருந்தேன். பொத்தானின் மேல் கட்டைவிரல் வியர்த்தது. ஓரிருமுறை எதுவும் தெரியாமலே அழுத்தினேன். பரீட்சையில் தோற்கப் பயந்த பிள்ளை விடையை ஊகித்து எழுதுவதைப்போல.

மருத்துவர் என்னைவிடச் சற்று மூத்த பெண். அறிக்கையைப் பார்த்தார், கண்ணின் அழுத்தத்தை அளந்தார், மறுபடி அளந்தார்.

"கண்ணுக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?"

கைப்பையிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விளக்கருகே பிடித்து, ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"எங்க சொந்தக்காரர் கடைதாங்க" என்றார் லோகநாதன்.

அதில் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் மருந்து) இருந்தது. சிலருக்கு அதை நெடுநாள் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. எனக்கு வந்திருப்பது கிளாக்கோமா (அழுத்தத்தால் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நசியும் நோய்) என்றார். வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது, அங்கே நரம்பு இன்னும் நசியவில்லை.

"அப்ப அந்த வெள்ளைத் திரை?"

"அது கண்ணைச் சிமிட்ட விடாம காய வச்சிருக்கு, உறுத்தியிருக்கு. அவ்வளவுதான். கண்ணைக் கெடுத்தது அது இல்ல. அது உங்களை இந்தப் புட்டிகிட்ட கூட்டிட்டு வந்திருக்கு."

"பார்வை போயிடுமா டாக்டர்?"

"போன இடம் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்த முடியும்னு நெனைக்கிறேன். முதல்ல அழுத்தம் இறங்கட்டும்." நெனைக்கிறேன் என்ற சொல்லைத் திரும்பும் ரயில் முழுக்க எடை போட்டுக்கொண்டு வந்தேன்.

பாவாவிடம் மறுநாள் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "ஊருக்கே குடுத்துகினு இருக்கறேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே?" பிறகு குரல் இறங்கியது. "நானும் போட்டுகினுதான் இருக்கறேன், சுகுணா."

கடை வாசலிலேயே ஒரு கண்ணைப் பொத்தி, எதிரே பள்ளிப்பட்டுப் பேருந்தின் பலகையைப் பார்த்தார். பிறகு மறுகண்ணைப் பொத்தினார். மருந்து வாங்க வந்தவர் சீட்டை நீட்டியபடி நின்றிருந்தார்.

அவரையும் அழைத்துப்போய்ச் சோதித்தோம். அழுத்தம் சரியாக இருந்தது. அதே மருந்துதான், அவர் என்னைவிடக் கூட நாள் போட்டவர். எல்லா உடம்புக்கும் ஏறாது என்றார்கள். எனக்கு ஏறியது, அவருக்கு ஏறவில்லை. காரணம் கேட்டேன், உடம்புக்கு உடம்பு மாறும் என்றார்கள். பாவா வெள்ளிக் கண்மலர் வாங்கி மலைக்கோயில் உண்டியலில் போட்டார். அது ஜோடியாகத்தான் கிடைக்கும். ஒற்றைக் கண் விற்பதில்லை. இப்போது கண் சிவந்து வருகிறவர்களிடம், டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

பழைய சொட்டு நின்றது. அழுத்தத்தை இறக்கும் வேறு சொட்டு காலையும் மாலையும். கண் மறுபடி சிவந்தது, எரிந்தது. அந்தச் சிவப்பைப் பொறுத்துக்கொள்ளக் கற்றேன். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு தூக்கம் போனது. அழுத்தம் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்தில் நின்றது. இடது கண்ணில் போன பகுதி அப்படியே இருக்கிறது. கூடவில்லை.

வேலையை விடவில்லை. கறுப்பாக்க முடிந்த வேறொரு பக்கத்தில் முழுச் செய்தியையும் எழுதித் திருத்திவிட்டு, கடைசியில்தான் அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறக்கிறேன். தண்ணீருக்குள் மூழ்குகிறவளைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

உங்கள் கண்ணும் திரையின் முன் சிவக்கிறதென்றால், கையிலுள்ள புட்டியின் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கண் மருத்துவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் இழப்பை மற்றது மூடி மறைத்துவிடுகிறது.

எனக்கு நாள் என்பது இப்போது மலைப்பாதை விளக்கு எரிவதிலிருந்து மறுநாள் எரிவதுவரை. மாலையில் மாடிக்குப் போய் ஒரு கண்ணைப் பொத்துவேன். பிறகு மற்றதை. இடைவெளி அதே அளவா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டால் அடுத்த மாலைவரை பயமின்றி இருக்கலாம்.

ஒரு மாலை இடது கண்ணைப் பொத்தி, நல்ல கண்ணால் பார்த்தேன். வளைவுக்கு மேலே விளக்குகள் இல்லை. கையை எடுத்தேன். அப்போதும் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கொஞ்சம் மேல வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, லோகநாதன் செருப்பில்லாமல் ஏறி வந்தார்.

"அந்த வளைவுக்கு மேல என்ன தெரியுது?"

பார்த்தார். "ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாருங்க. ஒரு கண்ண மூடிகினு பாருங்க."

மூடினார், மாற்றி மூடினார். "இல்லம்மா. பல்பு பூட்ச்சு. எனக்கும் எரியல."

அவரை மறுபடியும் பார்க்கச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மலைமேல் உண்மையிலேயே இருட்டாக இருந்தது.

சில நாளில் யாரோ பல்பு மாற்றினார்கள். வலது கண்ணைப் பொத்தி, எப்போதும் பார்க்கும் அதே விளக்கைப் பார்த்தேன். வளைவுக்கு மேலே விளக்குகள் இன்னும் இல்லை. பல்பு மாற்றியது இடது கண்ணுக்குத் தெரியாது.