கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளை, அவளைக் கட்டியவனே வந்து நாற்காலியைத் தூக்கி முகத்தில் அடித்தான். அவனை விட்டு முந்தின நாள்தான் வெளியேறியிருந்தாள், அதற்குக் கூலி. வரிசை சிதறி ஓடியது. மேசை விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டியது.

உடைந்த தாடையைக் கம்பியால் கட்டிவிட்டதில் ஒன்றரை மாதம் அவளால் வாய் திறக்க முடியவில்லை. அதற்குள் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. காலையிலிருந்து கால் கடுக்க நின்ற ஏழை ஒருவன் பொறுமையிழந்து அடித்தான் என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் உருகியது. டோக்கன் வந்தது, அன்றன்றைக்கே சான்றிதழ் என்ற விதி வந்தது, கவுண்டருக்குத் தடித்த கண்ணாடியும் வந்தது. அவன் மேல் இருந்த வழக்கு மட்டும் பிசுபிசுத்துப் போனது.

பேச்சு வந்ததும் அவள் உண்மையைச் சொன்னாள்.

“அட விடும்மா. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா டோக்கன் மெஷினுக்கு எவன் காசு குடுப்பான்?” என்றார் அதிகாரி.

அடுத்தடுத்து வந்த அதிகாரிகள் அந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். பயிற்சி வகுப்புகளில் அவளையும் உட்காரவைத்துக்கொண்டே சொன்னார்கள்.

“அக்கா, இந்த வருஷக் கதையில உன்னை அடிச்சவனுக்கு நோயாளிக் குழந்தை ஒண்ணு பொறந்திருக்கு,” என்று பக்கத்து மேசைக்காரி காதைக் கடிப்பாள்.

புதிதாக வந்த அதிகாரி ஒருபடி மேலே போனார். “மக்களுக்கும் நமக்கும் நடுவுல சுவர் எதுக்கு?” என்று கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். நம்மைத் திருத்தியவர் என்று அவனையே தேடிப்பிடித்து, கண்ணாடியில்லாத கவுண்டரின் திறப்பு விழாவுக்கும் அழைத்தார்.

“சார், என்னைக் கொல்லாம விடமாட்டேன்னவன் அவன்.”

“மன்னிக்கப் பழகுங்கம்மா. இந்தக் கதைக்கு அதான் அழகான முடிவு.”

விழாவில் அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். கைதட்டல் ஓய்வதற்குள் வெறும் கவுண்டர் மேல் சாய்ந்து, சிரித்த முகம் மாறாமல் அவள் தலைமுடியைப் பிடித்தான்.

“கண்ணாடி போச்சு பாத்தியாடி? மிச்சத்த முடிச்சிரலாமா?”

கண்ணாடியைக் கழற்றிய வேலையாட்கள் விட்டுப்போன சுத்தியல் மேசையில் கிடந்தது. முதல் அடியில் அவன் மணிக்கட்டு நொறுங்கியது. இரண்டாவதில் பற்கள் தரையில் சிதறின. பக்கத்து மேசைக்காரி ஓடிவந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

“போதும்க்கா, செத்துருவான்!”

“சாகட்டும்.”

அவன் சாகவில்லை. அவளுக்கு ஆறு மாதம் சஸ்பென்ஷன். திரும்பி வந்தபோது கவுண்டரில் முன்னிலும் தடித்த கண்ணாடி நின்றது. ஊழியரின் வன்முறையிலிருந்து பொதுமக்களைக் காப்பதற்காம். அதிகாரி அப்படித்தான் எழுதியிருந்தார்.

“என்னத்தையோ எழுதிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.