பங்குனியில அருவி காட்டுன கதை

அப்படியா சொன்னா அந்தத் தெக்கு வீட்டுக்காரி? நான் சப்பானுக்குப் போகலன்னா? ஏட்டி, அவ சொன்னதக் கேட்டுட்டு எழவு விசாரிக்க வந்தவ மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க பாத்தியா, எனக்குச் சிரிப்பு வருது. உள்ள வா. இன்னைக்கு அருவியில வெள்ளம், போலீசு விசில் ஊதி எல்லாரையும் வெரட்டி விட்டுட்டு, எனக்கும் சோலி இல்ல. உக்காரு, மொதல்ல இருந்து சொல்லுதேன். நடுவுல போனப் பாக்காத.

ஒனக்குத்தான் தெரியுமே, எம் மக சமைஞ்ச வருசத்துல இருந்து சீசனுக்குச் சீசன் குத்தாலத்துல பொம்பளைக பக்கம் உக்காந்து பை பாத்துக்கிடுதேன். குளிக்கப் போறவளுக துணிமணி, செருப்பு, தாலிச் செயினு, ஒருத்தி பல்லுசெட்டு மொதக்கொண்டு எங்கையில குடுத்துட்டுப் போவாளுக. எனக்கு எழுத்து ஒண்ணுந் தெரியாது. ஆனா எந்தப் பை எவளுதுன்னு ஒரு நாளும் மாறுனது கெடையாது, மூஞ்சியப் பாத்தே எடுத்து நீட்டிருவேன். பல்லுசெட்டுக்காரி மட்டும் பல்லு இல்லாம வந்து நின்னப்ப அடையாளம் தெரியல, அது வேற கத. இத ஒரு வேலன்னு நானே நெனச்சது இல்ல. நம்ம எதுத்த வீட்டு காலேசு சாருதான் ஒரு நாள் வந்து, "ஆச்சி, நீங்க செய்யுறது பண்பாடு"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. இத்தன வருசமா அங்கன உக்காந்து அதையா செஞ்சுக்கிட்டு இருந்தேன்?

விசயம் என்னன்னா, சப்பான்ல ஒரு ஆபீசு, நம்ம நாட்டுல ஒரு ஆபீசு. ரெண்டும் சேந்து துட்டு குடுக்குமாம். அந்த ஊர்க்காரி இங்க வரணும், இந்த ஊர்க்காரி அங்க போகணும், ஒருத்தி பழக்கத்த ஒருத்தி பாத்துக்கிடணும். சாரு நாலஞ்சு தடவ எழுதிப் போட்டாராம். கோயிலப் பத்தி எழுதுனாரு, கெடைக்கல. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியப் பத்தி எழுதுனாரு, அதுவும் கெடைக்கல. கடைசில நாம குளிக்கதப் பத்தி எழுதியிருக்காரு, ஒடனே குடுத்துட்டான். படிச்சவன் புத்தியப் பாத்தியா! அங்கயும் பொம்பளைகளுக்குன்னு ஊருக்குப் பொதுவாக் குளிக்க எடம் இருக்காம். அங்கயும் ஒரு ஆச்சி வாசல்ல உக்காந்து செருப்பும் துணியும் பாத்துக்கிடுதாளாம். அவ இங்க வந்து எங்கூட அருவியில குளிக்கணும். அது நல்லபடியா நடந்துதுன்னு அத்தாட்சியோட ரெண்டு ஆபீசுக்கும் எழுதிப் போட்டா, பொறவு நான் அங்க போயி அவகூடக் குளிக்கணும். இம்புட்டுத்தான் திட்டம். இத எழுத அவருக்கு அறுவது பக்கம் வேண்டியிருந்துதாம்.

நான் பிளேன அண்ணாந்து பாத்ததோட சரி. விடுவேனா? பாஸ்போட்டுக்குப் பெருவெரல உருட்டி வச்சேன். போலீசு வீட்டுக்கு வந்து, "ஆச்சி மேல கேசு எதுவும் இருக்கா"ன்னு கேட்டான். "இனிமேதாம்ல பாக்கணும்"னேன். நம்ம மேலகரத்துல ஒரு வீடு விடாம நான் சப்பான் போறதச் சொல்லிட்டேன். ஆலங்குளத்துல இருக்க எங்க மதினிக்குப் போனப் போட்டு ரெண்டு தடவ சொன்னேன், அவளுக்கு வயிறு எரியணும்லா.

எல்லாம் சரி, அந்த ஆச்சி எப்ப வாரான்னு கேட்டேன். பங்குனியிலன்னாரு.

"ஏன் சாரே, பங்குனியில அருவியில என்ன இருக்கும்?"

"மார்ச்சுக்குள்ள செலவழிக்கலன்னா அவுக வாரதுக்கு உள்ள துட்டு திரும்பிப் போயிரும் ஆச்சி."

"அப்ப அருவி?"

"அருவி எங்கயும் போகாதுல்லா."

சரிதானே. பாறை எங்க போகப் போகுது?

வந்தா அந்த ஆச்சி. என் ஒசரம்கூட இல்ல, என்ன விட ரெண்டு வயசு கூட இருக்கும், நட மட்டும் பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி. கூட ஒரு கொமரி, தமிழு படிச்சவளாம். படிச்சது எந்தக் காலத்துத் தமிழோ தெரியல. எங்க வீட்டு வாசல்ல நின்னு, "அம்மையே, தங்களைச் சந்தித்ததில் பேருவகை அடைகிறோம்"னு சொன்னா. எம் மருமக பயந்து போயி தலையில முந்தானையப் போட்டுட்டா.

மறுநாள் காலம்பற வேன் வச்சு மெயினருவிக்குக் கூட்டிட்டுப் போனாரு சாரு. ஒரு கொரங்கு மட்டும் உக்காந்து எங்களப் பாத்துது. பாறையில ஒண்ணுக்கு இருந்த மாதிரி ஒரு கோடு நனைஞ்சு கெடக்கு. அந்த ஆச்சி கையில துண்டு, சோப்புப் பெட்டி, மாத்துத் துணி எல்லாம் மடிச்சு வச்சிக்கிட்டு அண்ணாந்து பாக்கா. அவசரப்படல, தண்ணி வேற பக்கம் இருந்து வரும்னு நெனச்சிருப்பா பாவம். செத்த நேரம் பொறுத்துக் கொமரிகிட்ட என்னவோ கேட்டா. கொமரி சாருகிட்ட, "ஐயா, நீர்வீழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கும்?"னு கேக்கா. சாரு கர்ச்சீப்ப எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. அந்தக் கோட்ட விட்டா, அன்னைக்கு அங்க ஈரமா இருந்தது அவரு மூஞ்சி ஒண்ணுதான்.

ஆனா சாரு லேசுப்பட்ட ஆளு இல்லட்டி. பேனரு அடிச்சுக் கொண்டாந்திருந்தாரு. ரெண்டு நாட்டுக் கொடி, நடுவுல ஆடி மாசத்து அருவி, தண்ணி சும்மா திமுதிமுன்னு கொட்டுது. காஞ்ச பாறைய மறைச்சு அதக் கட்டி, முன்னால எங்க ரெண்டு பேரையும் தோள்ல துண்டோட நிப்பாட்டி, "சிரிங்க ஆச்சி, குளிச்ச மாதிரி இருங்க"ன்னாரு. குளிச்ச மாதிரி எப்படிட்டி இருக்கது? நான் லேசா நடுங்கிக் காட்டுனேன். அந்த ஆச்சி என்னப் பாத்துட்டு அவளும் நடுங்குனா. அங்கனயே ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துட்டு, நிறுத்த முடியல.

அந்தப் போட்டோவ அன்னைக்கே நம்ம ஆபீசுக்கு அனுப்புனாரு. சாயங்காலமே பதில் வந்துட்டு: படத்துல ஒருத்தர் மேலயும் தண்ணி படல, குளிச்சதுக்கு அத்தாட்சி வேணும், இல்லன்னா ரெண்டாவது பயணம் கெடையாது. ரெண்டாவது பயணம்னா யாரு? நானு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. ஊரெல்லாம் சொல்லியாச்சு, ஆலங்குளத்துக்கு ரெண்டு தடவ சொல்லியாச்சு.

நான்தான் சொன்னேன், பம்புசெட்டுக்குப் போவோம்னு. வயக்காட்டுல நம்ம துபாய்க்காரர் பொண்டாட்டி பம்புசெட்டு இருக்கில்லா, கோடையில நாம எல்லாருங் குளிக்கோமே, அங்கதான். அவ வச்ச சட்டம் ஒனக்கே தெரியும். யாரா இருந்தாலும் போனத் தூக்குச்சட்டிக்குள்ள போட்டு மூடி செவத்து மேல வச்சிட்டுத்தான் தண்ணியில எறங்கணும். கலெக்டரு பொண்டாட்டி வந்தாலும் அதேதான்னு சொல்லுவா, கலெக்டரு பொண்டாட்டி எதுக்கு வரப்போறா. சாரு வரப்புல, பொம்பளைக பக்கம் முதுகக் காட்டி, புளியமரத்தப் பாத்து நின்னாரு. பெரிய பண்பாட்டு ஆராய்ச்சி, மரத்தப் பாத்தே நடந்துது.

மோட்டாரப் போட்டதும் தண்ணி குபுகுபுன்னு விழுதா, நாங்க மாருக்கு மேல பாவாடையத் தூக்கிக் கட்டிக்கிட்டு எறங்குதோம். அந்த ஆச்சி எறங்கல. ஓரமாக் குத்தவச்சு, ஒரு செம்பு கேட்டு வாங்கி, சோப்புப் போட்டு காலு, கையி, கழுத்துன்னு தேய்ச்சு, மூணு தடவ அலசி, அதுக்குப் பொறவுதான் தொட்டிக்கு வாரா. தொட்டித் தண்ணி எல்லாருக்கும் பொதுவாம், அழுக்கோட எறங்கப்படாதாம். நம்மாளுக சிரிச்ச சிரிப்ப நீ பாக்கணும், "குளிச்சிட்டுக் குளிக்க வந்திருக்காளே"ன்னு. சிரிச்சமே ஒழிய, மறுநாள்ல இருந்து துபாய்க்காரி அதையும் சட்டமா வச்சிட்டா. இப்ப நாமளுந்தான ஓரமா உக்காந்து கழுவிட்டு எறங்குதோம்!

பொறவு அந்த ஆச்சி எம் பின்னால வந்து நின்னா. கொமரி தண்ணிக்குள்ள இருந்து சொல்லுதா, "தங்கள் முதுகைத் தேய்க்க அனுமதி கோருகிறார்." சீ, இதுக்கு எதுக்குட்டி அனுமதின்னு திரும்பி உக்காந்தேன். எப்பா, கையா அது! செங்கல்லு வச்சு ஒரசுன மாதிரி. அவுக ஊர்லயும் இப்படித்தானாம், முன்னப் பின்னத் தெரியாதவகூட முதுகு தேய்ச்சு விடுவாளாம். பொறவு நான் அவளுக்குத் தேய்ச்சேன். வேனு, பேனரு, அறுவது பக்கம், எல்லாம் எதுக்குன்னு கேட்டா, இந்த ரெண்டு முதுகுக்குத்தான்.

அப்பந்தான் சாரு புளியமரத்தப் பாத்துக்கிட்டே சத்தம் போடுதாரு. "ஆச்சி, ஒரே ஒரு போட்டோ. அந்தப் பொண்ணே எடுக்கட்டும். முதுகு மட்டும். அது போனாத்தான் ஒங்க டிக்கெட்டு."

உள்ளதச் சொல்லுதேன். சரின்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். சப்பான்லா! பிளேன்லா! கொமரி செவத்துகிட்டப் போயி தூக்குச்சட்டியத் தொறந்து போன எடுத்துட்டா. நான் சுத்திப் பாத்தேன். ஏழெட்டுப் பொம்பளைக, ஒருத்தி கைப்புள்ளையோட, எல்லாரும் அப்படியே தண்ணிக்குள்ள முங்கிட்டாளுக, தலை மட்டும் தெரியுது. துபாய்க்காரி என்னையே பாக்கா. எத்தன வருசமா அடுத்தவ மானத்துக்குக் காவல் உக்காந்திருக்கேன். எந்தப் பையையும் தொறந்து பாத்தது இல்ல. இன்னைக்கு எனக்குப் பிளேன் வேணும்னு இவளுகளத் தொறந்து காட்டவா? "வேண்டாம் சாரே, டிக்கெட்டு போனாப் போயிட்டுப் போகுது"ன்னு கத்திட்டேன்.

அந்த ஆச்சிக்கு நான் சொன்னது ஒரு வார்த்த புரிஞ்சிருக்காது. ஆனா அதுக்கு முன்னமே அவ தொட்டிய விட்டு ஏறிட்டா. ஈரத்தோட போயி, கொமரி கையில இருந்து போனப் புடுங்கி, தூக்குச்சட்டிக்குள்ள போட்டு, மூடிய ரெண்டு தட்டு தட்டி அமுக்கிட்டு வந்து மறுபடியும் எம் முதுகுக்கு உக்காந்துட்டா. அவுக குளிக்க எடத்துலயும் வாசல்லயே போன வாங்கி வச்சிருவாளாம். வாங்கி வைக்கதே அவதானாம்!

மறுநாள் அவுக கெளம்பிட்டாக. சாரு மூணு மாசம் எம் மூஞ்சியப் பாக்கல. காய் வாங்கக்கூட சுத்திப் போனாரு. நானும் அழுதேன், ஒங்கிட்ட எதுக்கு மறைக்க. ஆலங்குளத்துக்காரி வேற போனப் போட்டு, "மதினி, சப்பான்ல மழையா?"ன்னு கேக்கா.

போன வாரந்தான் சாரு ஓட்டமா ஓடி வந்தாரு, காலுல செருப்புகூட இல்ல. அந்த ஆச்சியும் அவ பங்குக்கு அவுக ஆபீசுக்கு எழுதிப் போடணும்லா? போட்டிருக்கா. நாங்க ரெண்டு பேரும் குளிச்சோம், ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்ச்சோம், போட்டோ இல்ல, போட்டோ எடுத்திருந்தா அது குளிக்க எடமே இல்லன்னு. அவுக ஆபீசு, இதுதான் சரியான அத்தாட்சின்னு நம்ம ஆபீசுக்கு எழுதிட்டான். வெள்ளக்காரன் மாதிரி இருக்கவன் சொல்லிட்டா நம்மாளுக மறுத்துப் பேசுவாகளா? மொத நாள்ல இருந்தே இதத்தான் நாங்களும் சொன்னோம்னு பதில் போட்டிருக்காக. எல்லாஞ் சரியாப் போயிட்டு. கார்த்திகையில டிக்கெட்டு. இப்ப போயி அந்தத் தெக்கு வீட்டுக்காரிகிட்டச் சொல்லு, ஆச்சி போறான்னு. சத்தமாச் சொல்லு.

அதுல ஒரே ஒரு சிக்கல் இருக்கு, யாருகிட்டயும் சொல்லாத. நேத்து அந்த ஆச்சி கொமரியக் கூட வச்சிக்கிட்டு போன்ல மூஞ்சியக் காட்டிப் பேசுனா. அவுக ஊர்ல வெந்நித் தொட்டியில எறங்கும்போது மேல ஒரு நூலுகூட இருக்கப்படாதாம்! எல்லாப் பொம்பளைகளும் அப்படியேதானாம். நான் பாவாடையோடதான் எறங்குவேன்னு சொல்லிட்டேன். அவ சிரிக்கா. தொட்டி எல்லாருக்கும் பொதுவாம், துணியில உள்ள அழுக்கு எறங்கிருமாம். சாரும் கூடத்தான வாராரு, ஆம்பளைக பக்கத்துலயும் அதே சட்டந்தானான்னு அவருகிட்டக் கேட்டேன். பேச்ச மாத்தி, வெண்டைக்காய் என்ன வெலன்னு கேக்காரு. நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன் கேட்டியா, அங்க போயி, அவ மொதல்ல எறங்கட்டும், நான் வாசல்ல உக்காந்து அவ பைய...

ஏ, குழாயில காத்து சத்தம் கேக்குல்லா? தண்ணி வருதுட்டி! ரெண்டு நாளாச்சு. எந்திரி, எந்திரி, அந்தக் கொடத்த எடு, அடியில இருக்க பழந்தண்ணியச் செடிக்கு ஊத்திட்டு வா.